கோணல் மரை

புருஷன் சட்டையில் மல்லிகைப்பூ வாசனை வந்தால் சந்தேகப்படுகிற பெண்கள் இருக்கிறார்கள். நீளமாக ஒரு முடி ஒட்டியிருந்தால் ஊரைக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐரீன் சந்தேகப்பட்டது, சட்டையில் ஒன்றுமே ஒட்டியிராததால்.

திங்கட்கிழமை காலையில் குழாயடிக் கல்லில் வால்டரின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டாள். பையை வெளியே இழுத்துத் திருப்பினாள், கை மடிப்பைப் பிரித்தாள், காலருக்குள் விரலை விட்டுத் துழாவினாள். ஒரு உலோகச் சீவல் இல்லை. அலுமினியத்தில் திருகு மரை வெட்டுகிறவன் உடம்பில் சீவல் இல்லாமல் இருக்கவே முடியாது. அது வேர்வையில் ஒட்டும், தலைமுடியில் ஏறும், பாயில் பக்கத்தில் படுத்தவளையும் சேர்த்துக் குத்தும். ஐரீன் அந்தச் சீவலுக்குள்ளேயே வளர்ந்தவள். அவள் அப்பா தவசிமுத்து தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தவர்.

மணலியில் எண்ணெய் ஆலை கட்டி முடித்து, ராத்திரியில் அதன் தீ ராயபுரத்து மாடிகளிலிருந்து தெரியத் தொடங்கியிருந்த காலம் அது. அந்த ஆலைக் கட்டுமானத்தில் வெல்டராக இருந்த அருள்நாதன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். அவன் பெண்டாட்டி ஃப்ளோரன்ஸுக்கு மிஞ்சியது ரயில் பாதையோரம் ஓர் அறை வீடும், பழைய புல்லட் வண்டி ஒன்றும். வண்ணாரப்பேட்டைக் கயிறு வியாபாரி அப்துல் வஹாப் வண்டியை வாங்கிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். பெருநாளுக்குள் வண்டி கைக்கு வரவேண்டும், ஓடுகிற வண்டியாக வரவேண்டும் என்பது அவருடைய பேச்சு. விற்ற கையோடு ஒரு தையல் மெஷின் வாங்கிப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது ஃப்ளோரன்ஸின் கணக்கு. வால்டர் அருள்நாதனின் தோஸ்து. துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கிற ஷெட்டில் ஃபிட்டர். வண்டியை நான் சரி பண்ணித் தருகிறேன் என்று துக்க வீட்டிலேயே நெஞ்சைத் தொட்டுச் சொன்னவன் அவன்தான்.

வினை எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கில் இருந்தது. அருள்நாதன் உயிரோடு இருந்தபோது கப்பல்காரன் ஒருவனிடமிருந்து பளபளவென்று ஒரு வெளிநாட்டு பிளக்கை வாங்கி மாட்டியிருந்தான். அழகான பிளக்தான், எஞ்சினின் தலையான அந்த ஹெட்டுக்கு நீளம் ஜாஸ்தி. உள்ளே நீட்டிக்கொண்டிருந்த மரையில் கரி ஏறி இறுகிக் கிடந்தது. வால்டர் ஸ்பேனர் போட்டு முறுக்கியபோது பிளக் மட்டும் வரவில்லை, ஹெட்டுத் துளையின் மரையையும் சுருள் சுருளாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. இனி எந்தப் பிளக்கும் அந்தத் துளையில் நிற்காது.

அதற்கும் வழி இருக்கிறது. துளையைப் பெரிதாக்கி, பெரிய மரை வெட்டி, உள்ளும் புறமும் மரை போட்ட ஒரு வெண்கலக் குழலை, கன்மெட்டல் புஷ்ஷை, அதற்குள் முறுக்கி இறக்கிவிட்டால், பழைய சைஸ் பிளக் புஷ்ஷுக்குள் உட்கார்ந்துகொள்ளும். தவசிமுத்து பட்டறையில் அது ஒரு காலை வேலை. பழையது சாப்பிட்டுவிட்டு ஆரம்பித்தால் மத்தியானக் குழம்பு கொதிப்பதற்குள் முடியும். அந்த வேலைக்கு வால்டர் ஞாயிறு மேல் ஞாயிறாகப் போய்க்கொண்டிருந்தான். வேலை தெரியாத பெண்டாட்டியாக இருந்தால், பெரிய வேலை போலிருக்கிறது, பாவம் மனுஷன் என்று வெந்நீர் போட்டு வைத்திருப்பாள். ஐரீனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

"இன்னாடி ஐரீனு, சட்டைய தொவைக்கிறியா, ஜோசியம் பாக்குறியா?"

பக்கத்து வீட்டுச் சிலுவையம்மாள். காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு வந்து நின்றாள். கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் அவள் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அழுக்கு கீதான்னு பாக்குறேங்க்கா."

"இல்லாட்டி நல்லது தானே. சோப்பு மிச்சம்."

"வேல செய்ற ஆம்பள சட்டையில அழுக்கு இல்லன்னா அது இன்னா வேலக்கா?"

சிலுவையம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். விஷயம் இருந்தால்தான் அவள் கூடையை இறக்குவாள். "சுத்தி வளைக்காத. ஃப்ளோரன்ஸ் வூட்டு சமாச்சாரம் தானே? நேத்து அவளுக்கு எறா குடுக்கப் போனேன். உம் புருஷன் வாசல்ல குந்திகினு கீறான்."

"இன்னா செஞ்சிகினு இருந்தான்?"

"ஒண்ணும் செய்யலடி. சும்மா குந்திகினு இருந்தான். அவ எறா உரிச்சிகினு இருந்தா."

"இன்னா பேசிகினு இருந்தாங்க?"

"பேசவேயில்ல. அவன் தரைய பாத்துகினு இருந்தான், அவ எறாவ பாத்துகினு இருந்தா. அதனாலதான் நானும் நிக்காம வந்துட்டேன்."

பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லியிருந்தால் ஐரீன் தாங்கியிருப்பாள். பேசாமல் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஒரு ஆணுக்கு எவ்வளவு பழக்கம் வேண்டும் என்று யோசித்தாள். கல்யாணமாகி ஆறாவது வருஷம், பிள்ளை இல்லை. இத்தனை நாளில் வால்டர் இவள் பக்கத்தில் அப்படி உட்கார்ந்ததே கிடையாது. வீட்டில் இருந்தால் எதையாவது கழற்றுவான், கழற்றினதை மாட்டுவான், இல்லாவிட்டால் தூங்குவான். சட்டையை முறுக்கிப் பிழிந்தாள். அது சட்டையாக இருந்தது சட்டைக்குத்தான் கஷ்ட காலம்.

வால்டர் அவளை முதலில் பார்த்ததே பட்டறையில்தான். தவசிமுத்துவுக்கு மகன் இல்லை. ஐரீன் சின்ன வயசிலேயே கையில் கிரீஸோடு நின்றாள். பாவாடை தாவணி போடுகிற வயசில் மரை வெட்டுகிற கருவியான டேப்பைப் பிடித்தாள். அவள் வெட்டிய மரையில் போல்ட்டை வைத்துச் சுண்டிவிட்டால் அது தானாகச் சுற்றிக்கொண்டு அடி வரைக்கும் இறங்கும் என்று தண்டையார்பேட்டையில் சொல்லுவார்கள். ஏதோ வால்வுத் தண்டைக் கடைய வந்த வால்டர் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பெண் கேட்டு வந்தான். கல்யாணத்துக்கு மறு வாரமே, இனி பட்டறைப் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டான். எம் பொண்டாட்டி கிரீஸ் கையோட நிக்கிறத நாலு பேரு பாக்க வாணாம் என்றான். ஐரீன் அதைச் சிலுவையம்மாளிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பூரித்திருக்கிறாள். "எம் மேல அவ்ளோ ஆசைக்கா அதுக்கு." அப்பா போன பிறகு லேத்தை எத்திராஜ் என்கிறவர் எடுத்துக்கொண்டார். டேப்புகள் அடுக்கிய மரப்பெட்டி மட்டும் ஐரீனோடு ராயபுரத்துக்கு வந்து கட்டிலுக்கடியில் கிடந்தது.

அடுத்த ஞாயிறு. முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து ஆப்பம் ஊற்றினாள். மாட்டுக்கறிக் குழம்பில் தேங்காய்ப்பால் விட்டு இறக்கியிருந்தாள். அந்தக் குழம்பென்றால் வால்டர் சட்டியை வழிக்கிறவன். அன்றைக்கு ஒரு ஆப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா, எறங்கலியா?"

"வெயிலு."

"வானம் மூடிகினு கீது. வெயிலு எங்கக் கீது?"

வால்டர் வாசலைப் பார்த்தான். மழைக்கு முந்தின புழுக்கம். துறைமுகத்திலிருந்து வருகிற நிலக்கரித் தூசு அசையாமல் தெருவின் மேல் நின்றது.

"புஷ்ஷு போட்டாச்சா?"

"ஆவுது."

"இன்னாய்யா ஆவுது? நீ போடறது புஷ்ஷா, இல்ல புள்ள பெத்துகினு கீறியா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிள்ளை என்கிற பேச்சு அந்த வீட்டில் விழக்கூடாத பேச்சு. வால்டர் கை கழுவ எழுந்தான்.

"அது பழைய அலுமினியம்மே. நேரம் புடிக்கும். உனுக்குத் தெரியாது."

"எனுக்கா தெரியாது?"

"கிரேன்ல நான் தெனம் மரை வெட்டிகினு கீறேன். எனுக்கே நேரம் புடிக்குது. உனுக்கு இன்னா தெரியும்?" சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஐரீன் தட்டுகளை எடுக்கவில்லை. கட்டிலுக்கடியில் கையை விட்டுப் பெட்டியை இழுத்தாள். சைஸ் வாரியாக அடுக்கியிருந்த டேப்புகளில் பெரியவற்றில் ஒன்றின் பள்ளம் காலியாக இருந்தது. கேட்காமல் எடுத்திருக்கிறான். தன் அப்பாவின் டேப், அப்பா எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்த டேப், அந்த ஃப்ளோரன்ஸ் வீட்டில் கிடக்கிறது. தாலிச் சங்கிலியைக் கழற்றி ஃப்ளோரன்ஸ் கழுத்தில் போட்டிருந்தால்கூட ஐரீனுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. குழம்புச் சட்டியைக்கூட மூடாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினாள்.

கல்மண்டபத்தைத் தாண்டி ரயில் பாதையோரம் வந்தபோது சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது போய் முடிகிற மட்டும் நிற்கவேண்டியிருந்தது. அந்த நேரத்தில் ஃப்ளோரன்ஸை என்னென்ன கேட்கவேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டாள். ரயில் முடிந்தபோது வரிசை மறந்துவிட்டது, எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது.

வாசலில் புல்லட், மேலே கோணி போர்த்தி, எஞ்சினில் தலையில்லாமல் நின்றது. பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு வால்டர் உட்கார்ந்திருந்தான். மடியில் துண்டில் சுற்றின ஏதோ ஒன்று. நிலைப்படியில் ஃப்ளோரன்ஸ் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். சிலுவையம்மாள் சொன்னது சரி. இரண்டு பேரும் பேசவில்லை. அவன் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தது, கேட்காமலே வைத்த மாதிரி.

"வாக்கா, குந்து" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"குந்தறதுக்கு வரல. ஏற்கெனவே ஒரு ஆளு குந்திகினு கீதே, பத்தாதா?"

வால்டர் எழுந்தான். மடியில் இருந்ததை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "நீ இன்னாத்துக்கு இங்க வந்தே?"

"எங்கப்பன் டேப்பத் தேடிகினு வந்தேன். வூட்டுல காணல."

"வூட்டுக்குப் போமே. நான் எடுத்தாறேன்."

"பின்னால இன்னா அது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா துண்டு சுத்திகினு கீறே? குடு இப்படி."

இழுத்தாள். அவன் விடவில்லை. துண்டு அவள் கையோடு வந்தது, ஹெட் அவன் கையில் நின்றது. ஐரீன் அதை ஒரு தடவைதான் பார்த்தாள், போதுமாக இருந்தது. டேப் சாய்ந்து இறங்கியிருக்கிறது. துளையின் ஒரு பக்கம் சுவர் தடியாக, மறு பக்கம் மெல்லிசாக. மரை பாதி வெட்டியும் பாதி பிய்ந்தும் நாய் கடித்த மாதிரி கிடந்தது. அதில் ஒரு புஷ்ஷையும் வம்படியாக முறுக்கி, அது கோணலாக நின்று, பிறகு அதையும் பிடுங்கியிருக்கிறான். கிரேன் இரும்புக்குப் பழகின கை. மெத்தென்ற அலுமினியத்தில் அதே பலத்தைப் போட்டிருக்கிறது.

அப்படியானால் இவ்வளவுதானா? சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. வேலை ஓடவில்லை, அதனால் சீவல் இல்லை. சட்டை சுத்தமாக இருந்ததற்கு ஃப்ளோரன்ஸ் காரணமில்லை. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், ஐரீனுக்கு அந்த ரயில் பாதை வீடு, நெத்திலி நாற்றம், ஃப்ளோரன்ஸ் எல்லாமே பிடித்திருந்தது.

"நான் சொல்லிகினே இருந்தேங்க்கா" என்றாள் ஃப்ளோரன்ஸ். "ஐரீன் அக்காகிட்ட சொல்லுண்ணே, அதுக்குத்தான் இந்த வேல கை வந்த வேலயாச்சேன்னு. கேக்கல. கோணலாப் போன அன்னிக்கு அதுக்கு ரொம்ப பேஜாராப் பூடிச்சி. இங்கதான் குந்திகினு அளுதுச்சு. எனுக்கு இன்னா சொல்றதுன்னே தெர்ல, தண்ணி மொண்டு குடுத்தேன்."

பிடித்திருந்தது போய்விட்டது.

அழுதானாம். இவள் எதிரில். இவள் தண்ணீர் கொடுத்தாளாம். பெற்ற அம்மா செத்தபோதுகூட வால்டர் வீட்டில் அழவில்லை. கல்லறையில் மண் தள்ளிவிட்டு வந்து ரேடியோவைக் கழற்றினான். வேறு ஏதாவது நடந்திருந்தால் ஐரீன் அதற்கு வாய் நிறையத் திட்டுவாள், அதற்கென்று வார்த்தைகள் இருக்கின்றன. அழுததை என்ன வார்த்தை சொல்லித் திட்டுவது?

"இவகிட்ட அளுவ முடியுது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல முடியல."

"உங்கிட்ட சொன்னா?" என்றான் வால்டர்.

"சொன்னா இன்னா?"

"நீ சரி பண்ணிடுவே."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ஐரீனுக்கு அது பாராட்டாகக் கேட்டது. கொஞ்சம் குளிர்ந்துகூடப் போனாள். அவன் கையிலிருந்த ஹெட்டை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பி, துளைச் சுவரை விரலால் தடவினாள். இதை இன்னும் ஒரு சைஸ் பெரிதாக்கலாம். வால்வு பக்கத்துச் சுவர் ஒரு தடவைதான் தாங்கும். அதுவும் கோணலானால் ஹெட்டைப் பழைய இரும்புக் கடையில்தான் போடவேண்டும், அந்த மாடல் ஹெட் வேறு எங்கும் கிடைக்காது, வஹாப் பாய் வேறு வண்டி பார்த்துக்கொள்வார். ஐரீனுக்கு அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருந்தது. இந்த வண்டி சரியாகி விற்றுப்போனால் வால்டருக்கு இந்த வாசலில் உட்கார வேலை இல்லை.

"அடுத்த ஞாயித்துக்கெழம நான் வரேன்" என்றாள். "ஏ ஃப்ளோரன்ஸு, பெரிய சோத்துப் பானைய ரெடியா வெச்சிரு."

வார நடுவில், வால்டர் வேலைக்குப் போன பிறகு, பஸ் ஏறித் தண்டையார்பேட்டைக்குப் போனாள். எத்திராஜ் அவளைப் பார்த்ததும் பேசாமல் லேத் முன்னாலிருந்து ஒதுங்கி நின்றார். சின்ன லேத்துதான், ஹெட்டைக் கட்டிக் கடைய அது போதாது. புஷ் கடையப் போதும். உடைந்த கப்பல் வால்வு ஒன்றிலிருந்து வெட்டிய கன்மெட்டல் துண்டைக் கட்டினாள். பெல்ட்டு ஓடத் தொடங்கினதும் அவள் தோள் தானாக இறங்கி அந்தப் பழைய இடத்தில் நின்றது. மஞ்சள் சீவல் முந்தானையில் உதிர்ந்தது. வெளி மரை, உள் மரை, மேலே உட்கார ஒரு சின்ன விளிம்பு. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் ஃப்ளோரன்ஸை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் அது ஞாபகம் வந்தது. வந்ததும் மறுபடி நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் பாதையோரம் மூன்று பேரும் வேலையில் இருந்தார்கள். வால்டர் ஹெட்டைக் கோணியின் மேல் வைத்து இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டான். ஐரீன் முதலில் டேப்பைத் தொடவில்லை. அரைவட்ட அரத்தை எடுத்து, தடித்த பக்கத்துச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அராவினாள். கோணலான துளையில் டேப்பை விட்டால் டேப்பும் கோணலுக்குப் பின்னாலேயே போகும்.

"வூட்ல கண்ணாடி கீதா?"

ஃப்ளோரன்ஸ் சுவரில் தொங்கின கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். மூலை உடைந்த கண்ணாடி. உடைந்த மூலையில் ஆடிக்கொண்டிருந்த விரல் நகமளவு சில்லை ஐரீன் பெயர்த்தெடுத்தாள். டேப்பைத் துளை வாயில் நிறுத்தி, பக்கத்தில் அந்தச் சில்லைப் படுக்க வைத்தாள்.

"இன்னாத்துக்கு இது?" என்றான் வால்டர்.

"டேப்பு சாஞ்சிருந்தா கண்ணாடியில அதும் நெழலு ஒடிஞ்சி தெரியும். நேரா நின்னா டேப்பும் நெழலும் ஒரே கோடு. இந்தப் பக்கம் ஒரு தடவ, அந்தப் பக்கம் ஒரு தடவ பாக்கணும்."

"கிரேன் ஷெட்டுல இதெல்லாம் கெடையாது."

"அங்க இரும்பு. இரும்பு தாங்கும். ஆட்டாத, புடி."

மண்ணெண்ணெய் விட்டாள். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். சீவல் உடைந்து விழுந்ததும் மறுபடி கொஞ்சம் முன்னால். நாலு சுற்றுக்கு ஒரு தடவை வெளியே எடுத்து ஊதினாள். புழுக்கத்தில் அவள் மூக்கு நுனியிலிருந்து வேர்வை ஹெட்டின் மேல் விழுந்தது. ஃப்ளோரன்ஸ் தன் முந்தானையை நீட்டினாள். ஐரீன் தன் தோளிலேயே துடைத்துக்கொண்டாள். கடைசிச் சுற்றில் டேப் லேசாகச் சுவரை உரசுகிற சத்தம் வந்தது. ஐரீன் விரல் நுனியால் மட்டும் திருப்பினாள். சுவர் நின்றது.

சிலுவையம்மாள் கொடுத்தனுப்பிய மீன் ஐஸில் புஷ்ஷைப் புதைத்து வைத்திருந்தார்கள். ஹெட் சோற்றுப் பானையில் கொதிக்கிற தண்ணீரில் கிடந்தது. சூட்டில் துளை கொஞ்சம் விரியும், குளிரில் புஷ் கொஞ்சம் சுருங்கும். இரண்டும் சேர்ந்து ஆறினால் ஒன்றையொன்று விடாது. வால்டர் சாக்குத் துணியால் ஹெட்டை எடுத்து வைத்த கணத்தில் ஐரீன் மீன் நாற்றமடித்த புஷ்ஷை எடுத்து முறுக்கினாள். விளிம்பு வரைக்கும் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ஹெட்டைத் திருப்பி, உள் பக்கத்தில் பொட்டு உளியால் ஓரத்தைச் சுற்றித் தட்டிப் பூட்டினாள்.

வஹாப் மத்தியானத் தொழுகை முடிந்து வந்தபோது ஹெட் ஏறி, எஞ்சின் மூடியிருந்தது. வெள்ளைச் சட்டை, லுங்கி, வாயில் வெற்றிலை. வண்டியைச் சுற்றி வந்தார். வால்டர் உதைக்கப் போனான், அவர் கை காட்டி நிறுத்தினார்.

"இரு தம்பி. ஓட்டிக் காட்டறது அப்புறம். மொதல்ல பிளக்கக் கழட்டு."

கழற்றிய பிளக்கைத் தன் இரண்டு விரலில் வாங்கிக்கொண்டார். ஸ்பேனர் இல்லாமல் துளை வாயில் வைத்துத் திருப்பினார். பிளக் தட்டாமல் தயங்காமல் அடி வரைக்கும் இறங்கி வாஷரில் உட்கார்ந்தது. வஹாப் திரும்பக் கழற்றினார், திரும்ப இறக்கினார். வியாபாரம் செய்கிறவர் முகத்தில் தெரியக்கூடாத சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

"ஸ்பேனர்ல எல்லாப் பயலும் எறக்குவான். வெரல்ல எறங்கறது தான் மரை. யாரு கைப்பா இது?"

வால்டர் தொண்டையைச் செருமினான். "நம்ம கை தான் பாய்."

"இன்னாண்ணே?" என்றாள் ஃப்ளோரன்ஸ். அவள் வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். "அக்கா போட்டது பாய். ஐரீன் அக்கா. இது தவசிமுத்து மேஸ்திரி பொண்ணு."

"அதானே பாத்தேன்." வஹாப் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார். "உங்கப்பா எங்க லாரிக்கு வேல பாத்திருக்காரும்மா. அதே கை. இன்னா வால்டரு, தொறமொகத்துல சம்பளம் நீ வாங்குற, வேல வூட்டுல கீதே. எங்கிட்ட இன்னும் ரெண்டு பழைய வண்டி கீது, அனுப்பி வெக்கிறேன். பொண்டாட்டிகிட்ட கொஞ்சம் கத்துக்க."

எல்லோரும் சிரித்தார்கள். வால்டரும் சிரித்தான். மற்றவர்கள் நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தான்.

வண்டி மூன்றாவது உதையில் பிடித்தது. அந்தத் தடதட சத்தத்தில் ஃப்ளோரன்ஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அருள்நாதன் திரும்பி வந்த மாதிரி. ஐரீனுக்கும் நெஞ்சு நிறைந்தது. இதைப் பங்கு போட்டுக்கொள்ள வால்டர் பக்கம் திரும்பினாள். அவன் வண்டியைப் பார்க்கவில்லை, ஃப்ளோரன்ஸைப் பார்க்கவில்லை. ஐரீனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பார்வையை அவளுக்கு நன்றாகத் தெரியும். போன ஞாயிறு ஃப்ளோரன்ஸ் ஆய்ந்த நெத்திலியையும், ஃப்ளோரன்ஸ் வைத்த சொம்பையும் ஐரீன் பார்த்த பார்வை அது. அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வருகிற பார்வை. முதன்முதலாகப் பட்டறை வாசலில் நின்று அவன் பார்த்ததும் இதுதானா? கிரீஸ் கையோடு நிற்கவேண்டாம் என்றானே, அதுவும் இதுதானா? ஆசை, ஆசை என்று குழாயடியில் சொல்லிக்கொண்டு திரிந்தாளே. வெட்கத்தில் அவள் காது சூடாகியது.

வீட்டுக்கு நடந்தார்கள். மழை வருகிற மாதிரி காற்று கிளம்பி, தெருத் தூசியையும் கரித் தூசியையும் சேர்த்து அள்ளியது. கல்மண்டபம் வரைக்கும் அவன் இரண்டடி முன்னாலேயே நடந்தான்.

"இனிமே அந்த வூட்டுக்குப் போவாத" என்றான்.

"எந்த வூட்டுக்கு?"

"ஃப்ளோரன்ஸ் வூட்டுக்குத்தான். எத்திராஜ் பட்டறைக்கும். நான் போவல, நீயும் போவாத."

"நீ போவாதது சரி. நான் இன்னாத்துக்குப் போவக்கூடாது?"

வால்டர் நடையை எட்டிப் போட்டான். கொஞ்ச தூரம் போன பிறகு, கொஞ்சம் இறங்கின குரலில், "பாய் வண்டி அனுப்பினார்னா, நான் பாத்துக்கிறேன்னு சொல்லிடு. கண்ணாடி வெச்சிப் பாக்குறது எனுக்கும் இப்ப தெரியும்" என்றான். "கேட்டா என் கைன்னு சொல்லு. உனுக்கு அதனால இன்னா கொறஞ்சிடப் போவுது?"

ஐரீனுக்கு, கோளாறு ஃப்ளோரன்ஸாகவே இருந்திருக்கலாம் என்று பட்டது. ஃப்ளோரன்ஸாக இருந்திருந்தால் முடியைப் பிடித்து இழுத்திருக்கலாம். பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம், சிலுவையம்மாளை விட்டுத் தெருவெல்லாம் நாறடித்திருக்கலாம். அலுத்துப்போய் என்றைக்காவது ஒரு நாள் அவனே வீட்டுக்குத் திரும்பியிருப்பான். இது அப்படி இல்லை. அவனுக்கு ஆகாதது அவள் உடம்பிலேயே, தோளிலிருந்து கையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுதான் அவனுக்கு ஆப்பம் ஊற்றவேண்டும், சட்டை துவைக்கவேண்டும்.

"இன்னாமே, காதுல வுளுந்துச்சா?"

"வுளுந்துச்சு."

"இன்னா சொல்றே?"

"பாய் வண்டி வந்தா நான்தான் பாப்பேன். எங்கப்பன் பேர எவனுக்கும் தாரவாக்கறதா இல்ல." சொல்லிவிட்டு நின்றாள். அவன் பக்கம் திரும்பினாள். "நீ வோணும்னா பக்கத்துல வந்து குந்துய்யா. அளுவணும்னா எங்கிட்ட அளு. நான் ஒண்ணும் பேசமாட்டேன்."

வால்டர் அவள் முகத்தைப் பார்த்தான். தெருமுனையில் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கடற்கரைப் பக்கம் திரும்பி நடந்தான். முதல் துளிகள் விழத் தொடங்கியிருந்தன. ஐரீன் வீட்டுக்குப் போய், நகக்கண்ணில் இருந்த சீவலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், பாதிதான் போயிற்று. பிறகு உலை வைத்து, இரண்டு பேருக்கும் சேர்த்தே அரிசி போட்டாள்.